யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த காகிதத்தை டிரைவரம்மா முதலில் சரியாகப் படிக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுத்தவள், எட்டு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு அப்போதுதான் வருகிறாள். கண்ணில் எரிச்சல், இடுப்பில் வலி, வயிற்றில் பசி. மூன்றாம் மாடியைத் தாண்டும்போதுதான் 'ஏகமனதாக' என்ற வார்த்தை கண்ணில் பட்டது. நாலாம் மாடியில் கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. காகிதத்தைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே கீழே இறங்கிப் போய், தரைத்தளத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு மணியை விடாமல் அழுத்தினாள்.

விஷயம் இதுதான். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் இருபது வீடுகள், இருபது பால்கனியிலும் இருபது டிஷ் ஆன்டெனாக்கள். ஒன்று துருப்பிடித்தது, ஒன்று கம்பியால் இழுத்துக் கட்டியது, ஒன்றின் மேல் கால்மிதி காய்கிறது. வெளிச்சுவருக்குப் புதிதாக வண்ணம் அடிக்கப் போகிறார்கள். அடித்த பிறகு சுவரில் ஒரு டிஷ்கூடத் தொங்கக் கூடாது, மொட்டைமாடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு டிஷ், அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஒயர் என்று சங்கத்தில் போன மாதமே முடிவாகிவிட்டது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. எந்தக் கம்பெனியின் டிஷ் என்பதுதான் பாக்கி. பெரிய கம்பெனி ஒன்று, சின்னக் கம்பெனி ஒன்று, இரண்டும் போட்டிக்கு நின்றன. பெரிய கம்பெனியில் விளையாட்டுச் சேனல்களே பதினெட்டு. ஆனால் கட்டடம் மொத்தமும் சேர்ந்தால்தான் வருவோம் என்று அவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். காகிதத்தில் இருந்த தீர்மானம்: 'நாலாம் மாடி உட்பட அனைத்து வீட்டாரும் ஏகமனதாகப் பெரிய கம்பெனியைத் தேர்ந்தெடுத்தனர்.' நாலாம் மாடி என்று எழுதியிருந்தது டிரைவரம்மா வீட்டைத்தான்.

கதவைத் திறந்த செயலாளர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வேலியை அரை அடி தள்ளிப் போட்டவனையெல்லாம் நாற்பது வருஷம் வரைபடத்தை நீட்டியே அடக்கியவர். கோபத்தோடு வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீர்மானப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து வாசலிலேயே விரித்தார்.

"விதிப்படிதான் நடந்திருக்கு டிரைவரம்மா. யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு மூணு தரம் கேட்டேன். உங்க வீட்டுக்காரர் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தார். வாயைத் திறக்கலை."

"அவருக்குக் காது கேக்காது சார்."

இதை அவள் சொல்ல வேண்டியிருந்ததுதான் கொடுமை. பதினோரு வருஷமாக அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். இந்தச் செயலாளர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஆடாத நாலு கால்களும் அவள் புருஷன் பட்டறையில் செய்தவை. அப்போது காகிதத்தில் படம் போட்டுக் காட்டிப் பேசிய மனுஷனுக்குக் கூட்டத்தில் மட்டும் எப்படி மறந்துபோகும்?

செயலாளர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். தெரியாமல் இல்லை என்றார். ஆனால் அவர் தலையையும் ஆட்டினாரே, சிரித்துக்கொண்டே ஆட்டினாரே, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். பிறகு, வேண்டுமென்றே கேட்டாரோ அப்பாவியாகக் கேட்டாரோ, "அப்படின்னா அவரை ஏம்மா அனுப்பினீங்க?" என்று ஒரு கேள்வியைப் போட்டார்.

டிரைவரம்மா எதற்கும் பதில் வைத்திருப்பவள். பஸ்ஸில் சில்லறைச் சண்டை போடுகிறவனுக்கும், குறுக்கே காரை நுழைக்கிறவனுக்கும், ஷிஃப்டை மாற்றிப் போடுகிற டிப்போ மேலாளருக்கும் அவளிடம் தனித்தனிப் பதில் உண்டு. இந்தக் கேள்விக்குக் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள். பத்து நாளுக்குள் எந்த வீட்டாரும் தீர்மானத்தைக் கூட்டத்தில் மறுபடி வாசித்து ஆட்சேபணை கேட்கச் சொல்லலாம் என்று விதி இருந்ததால், அதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

ஏன் அனுப்பினாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். கை தூக்குவது, சீட்டுப் போடுவது எல்லாம் கிடையாது. முன்பு ஒரு தரம் கை தூக்கி, எண்ணியதில் தகராறாகி, இரண்டு வீட்டுக்காரர்கள் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து செயலாளர் கண்டுபிடித்த வழிதான் இந்த மூன்று தரம் கேட்பது. பேசாதவன் சம்மதித்தவன். கூட்டம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு ஷிஃப்ட் விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே அவள் கையால் சொன்னது இவ்வளவுதான்: கீழே கூட்டம், போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா. எதற்குக் கூட்டம் என்று அவர் கேட்டார். ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்றாள். அப்புறம் சொல்லவில்லை.

இனி ஆறரை மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் மாலை ஆறரைக்கு ஒரு சின்னச் சேனலில் சைகை மொழியில் செய்தி வரும். ஒரு பெண், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, திரை முழுக்க நிற்பாள். மூலையில் தபால்தலை அளவு கட்டத்துக்குள் அடைத்து வைத்த பெண் இல்லை. பதினைந்து நிமிஷம் அவள்தான் முழுத்திரையும். தச்சர், அதாவது டிரைவரம்மாவின் புருஷன், பட்டறையிலிருந்து ஆறு மணிக்கே வந்து, தலையில் ஒட்டிய மரத்தூளைக் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இடையில் யார் பேசினாலும் பார்க்க மாட்டார். நடுநடுவே அந்தப் பெண்ணோடு சண்டை பிடிப்பார். மந்திரி ஒருவர் பொய் சொன்னதாக அவள் சொன்னால், இவர் கை அந்த மந்திரியைத் திட்டும். டிரைவரம்மா வேலை முடிந்து வந்த நாட்களில் அவர்தான் அவளுக்கு உலகத்தைச் சொல்வார். எங்கே அணை உடைந்தது, எந்த ஊரில் ஆஸ்பத்திரி மூடினார்கள், எல்லாம். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு யார் தயவும் வேண்டாம். சின்னக் கம்பெனியில் அந்தச் சேனல் உண்டு. பெரிய கம்பெனியில் கிடையாது. சேர்க்க முடியுமா என்று அவளே போன் போட்டுக் கேட்டாள். பார்க்கிறவர்கள் போதாது என்றான் அந்தப் பக்கத்து ஆள். எத்தனை பேர் போதும் என்று கேட்டாள். இணைப்பு அறுந்துபோயிற்று.

அடுத்த நாலு நாள், ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் மாடி மாடியாக ஏறினாள். எல்லாரும் நல்லவர்கள்தான். உட்காரச் சொன்னார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், உச்சுக்கொட்டினார்கள். போனில் பார்க்கலாமே என்றாள் ஐந்தாம் மாடி ஆசிரியை. உள்ளங்கை அகலத் திரையில் விரல் எப்படி அசைகிறதென்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் டீச்சர் என்றாள் இவள். கீழே எழுத்து ஓடுகிறதே, அதைப் படித்தால் போதாதா என்றார் ஒருவர். ஓடுகிற எழுத்தின் பின்னால் ஓடிப் பாருங்கள், அரை வரியில் மூச்சு வாங்கும் என்றாள். பாவம் அவர் என்றது இன்னொரு வீடு. அந்தப் 'பாவம்' கேட்டபோது மட்டும் அவள் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பத்தொன்பது வீட்டிலும் பாவப்பட ஆள் இருந்தது, விட்டுக்கொடுக்க ஆள் இல்லை.

முதல் மாடி மருந்துக்கடைக்காரர் நேராகவே சொல்லிவிட்டார். கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு மாட்ச் பார்ப்பது ஒன்றுதான் ஆறுதல், அதை ஒரு வீட்டுக்காக விட முடியாது என்றார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தனக்கு வேண்டியதை வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இத்தனை அலைச்சலிலும் அவள் ஒன்றைச் செய்யவில்லை. புருஷனிடம் உட்கார்ந்து விவரமாகப் பேசவில்லை. சேனல் போய்விடும், நான் விட மாட்டேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் ஏதோ கேட்க வந்தார். அவள் அடுத்த மாடிக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வண்டிகள் நிறுத்துகிற தரைத்தளத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூடியது. இந்தத் தடவை அவள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். பெரிய கம்பெனி ஆள் ஒருவனும் வந்து, சுவரோரம் பெரிய டிவி ஒன்றை வைத்து, ஒலியைக் குறைத்து ஒரு மாட்சை ஓட விட்டிருந்தான். பாதிப் பேர் செயலாளரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தச்சர் முன்வரிசையில், போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் பக்கத்தில் நின்றாள்.

நின்று பேசினாள். நன்றாகவே பேசினாள். காது கேட்காத மனுஷனிடம் வாயால் மூன்று தரம் கேட்டுவிட்டு, அவர் பேசவில்லை, அதனால் சம்மதம் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம் என்றாள். உங்கள் பதினெட்டுச் சேனலில் நான் ஒன்றையும் பிடுங்க வரவில்லை, எங்கள் ஒன்றை நீங்கள் பிடுங்கினால் விட மாட்டேன், இந்தக் காகிதத்தில் எங்கள் வீட்டைச் சேர்த்து எழுதியிருப்பது பொய், பொய்யின் மேல் யார் வந்து டிஷ் மாட்டுகிறான் பார்க்கிறேன் என்றாள். பேசி முடித்தபோது அவளுக்கே தன்னைப் பிடித்திருந்தது.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்கதான் கூடவே இருக்கீங்களே. செய்தியைக் கேட்டு நீங்க அவருக்குச் சொன்னாப் போச்சு. பதினஞ்சு நிமிஷ விஷயம்."

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது, சூடாகவே இருந்தது. அதற்குள் தச்சர் அவள் முழங்கையைத் தொட்டார். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவள் மருந்துக்கடைக்காரரை விட்டுக் கண்ணை எடுக்காமலே இடது கையை அசைத்தாள். ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்கிறேன்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற மாதிரி இல்லை, உருவிக்கொள்ள முடிகிற மாதிரியும் இல்லை. இருபது வீட்டு ஆட்களுக்கு முன்னால் அவள் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கோபத்தை அவள் கண்டிருக்கிறாள், ஆனால் அது எப்போதும் உளி மேல், மழை மேல், மந்திரி மேல். தன் மேல் அதை அவள் கண்டதில்லை.

அவர் கையை விட்டார். அவள் மருந்துக்கடைக்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கையால் சொன்னாள். தச்சர் எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார், அவளைப் பார்த்து இல்லை. வாயால் சொல்லு என்று மட்டும் அவளுக்கு ஒரு சைகை.

முதல் இரண்டு வாக்கியத்திலேயே அவர் தன்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே இருந்தவர்களில் அவளைத் தவிர யாருக்கும் அந்த மொழி தெரியாது. அவர் சொன்னதை விட்டுவிட்டு, செய்தி எனக்கு முக்கியம், தயவுசெய்து யோசியுங்கள் என்று அவள் பாட்டுக்கு எதையாவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள், அவளும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த யோசனை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் பொய்யின் மேல் டிஷ் மாட்ட விட மாட்டேன் என்று அப்போதுதான் கத்தி முடித்திருந்தாள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே, 'நான்' என்றே சொன்னாள்.

"என் பொண்டாட்டி எனக்குச் சொல்றது பாதிதான். மீதிக்கு ஒண்ணுமில்லைம்பா. எல்லாரும் சிரிப்பாங்க, என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லை. எல்லாரும் அழுவாங்க, என்னன்னு கேட்டா அப்புறம் சொல்றேன்."

யாரோ டிவியை அணைத்தார்கள். தச்சர் அவள் முடிப்பதற்காக நின்று, பிறகு தொடர்ந்தார்.

"அன்னிக்கும் சும்மா உக்காந்துட்டு வான்னுதான் அனுப்பினா. உக்காந்தேன். சுவருக்கு இந்த வண்ணம் பிடிக்குதான்னு கேக்கறீங்கன்னு நினைச்சுத் தலையாட்டினேன். இவளும் சொல்லலை, நீங்களும் சொல்லலை. அந்தச் செய்தி வாசிக்கற பொண்ணு மட்டும்தான் எங்கிட்ட நேரா சொல்றா. பாதியில ஒண்ணுமில்லைன்னு நிறுத்தறதில்லை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவமானம்தான், வேறென்ன. தனக்கு வாய் இருக்கிறது என்கிற திமிரில் நாலு நாளாக இவருக்காகச் சண்டை போடுகிறேன் என்று மாடி ஏறி இறங்கியவள், இவரிடம் உட்கார்ந்து ஒரு அரை மணி நேரம் பேசவில்லையே என்று தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. தச்சர் அவள் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் இருந்தது. ஆனாலும் அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, நீ உட்கார், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் உட்கார்ந்தாள்.

அவர் செயலாளர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். தீர்மானப் புத்தகத்தை விரலால் தட்டினார். கேள் என்பதுபோலத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

செயலாளர் வேறு எதுவாக இருந்தாலும் விதியை மீறாத மனுஷர். தீர்மானத்தை மறுபடி வாசித்தார். பிறகு பழக்கதோஷத்தில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார். தச்சர் மேஜையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். புத்தகம் குதித்தது. செயலாளர் நிமிர்ந்தார், கண்ணாடியை மேலே தள்ளினார், இந்தத் தடவை தச்சர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து கேட்டார்.

தச்சர் விரித்த கையை நெஞ்சுக்கு முன்னால் இடமிருந்து வலமாக ஒரு வீசு வீசினார். இல்லை. சம்மதமில்லை. அதற்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இரண்டாம் தரம் கேட்டார். கை வீசியது. மூன்றாம் தரம் கேட்டார். கை வீசியது, முன்னைவிட மெதுவாக, முன்னைவிட அகலமாக. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஒரு ஆளுக்காக இப்படியா என்று முனகிக்கொண்டே லிஃப்டுக்குப் போனார். தச்சர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, அந்த முனகலை அவருக்குச் சொல்லவும் யாரும் போகவில்லை. செயலாளர் அளவுகோலை வைத்து 'ஏகமனதாக' என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு, ஒரு நிமிஷம் யோசித்து, 'நாலாம் மாடி உட்பட' என்பதன் மேலும் போட்டார். கம்பெனி ஆள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு டிரைவரம்மாவிடம் வந்தார். கோபம் இருந்தது, அதைவிடக் குழப்பம் அதிகமாக இருந்தது. கையில் இரண்டு கம்பெனிகளின் சேனல் பட்டியலும் இருந்தது.

"சரிக்கா, நடந்தது நடந்துபோச்சு. இப்ப அவருக்கு என்னதான் வேணுமாம்? எனக்கும் மாட்ச் வேணும். இதுல எதையாவது ஒத்துக்குவாரா, மாட்டாரா? கேட்டுச் சொல்லுங்க."

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக அந்தக் கைகள் இதற்குத்தான் எழுந்துவந்தன. இப்போதும் எழப் பார்த்தன.

"அவர்கிட்டயே கேளுங்க," என்றாள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும், அந்த..."

"அவருக்கும்தான் உங்க பேச்சு தெரியாது. அதுக்காக அவர் உங்ககிட்டப் பேசாம விட்டுட்டாரா?"

மருந்துக்கடைக்காரர் பட்டியல்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு தச்சரிடம் போய், எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பட்டியல்களையும் நீட்டினார். தச்சர் வாங்கி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். விரல் ஒவ்வொரு சேனலாக இறங்கியது. முதல் பக்கம் முடிந்தது, திருப்பினார். பாதியில் நிறுத்தி, ஒன்றைத் தொட்டுக் காட்டி, மருந்துக்கடைக்காரரிடம் கையால் ஏதோ நீளமாகக் கேட்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உதவிக்கு இவள் பக்கம் திரும்பினார். டிரைவரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவர் தச்சர் பக்கமே திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று காட்டினார். தச்சர் பட்டியலை மடியில் வைத்துவிட்டு முதலிலிருந்து சொன்னார்.